உத்தமபாளையத்து வயல்களில் தட்டான்களையும் எண்ணுங்கள்

ஜூன் மாதம் முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போக வேலை தொடங்கிவிடும். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமி இது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டிய சில நாட்களில் உத்தமபாளையத்து வரப்புகளில் தட்டான்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தேங்கிய தண்ணீரில் முட்டையிட வந்தவை அவை. அணையின் நீர்மட்டம், மடையில் போகும் தண்ணீர், நடவான ஏக்கர், அறுவடையான மூட்டை என எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். இந்தப் பூச்சிகள் எந்தக் கிராமக் கணக்கிலும் இல்லை. அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இதற்குச் சட்டம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. ஈரநிலங்களைக் காக்க மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள், ஆற்றின் ஓடுபாதையையும் நெல்வயல்களையும் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. உத்தமபாளையத்தில் தண்ணீர் என்றாலே ஆறு, வாய்க்கால், கண்மாய், வயல் ஆகியவைதான். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இந்த ஊரில் ஈரநிலமே இல்லை! ஆனால் இந்தியாவும் உறுப்பு நாடாக உள்ள ராம்சார் உடன்படிக்கை, 2008-இல் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் கூடியபோது, நெல்வயல்களை ஈரநிலமாகக் கருதி அவற்றின் பல்லுயிர் வளத்தைப் பெருக்கத் தனித் தீர்மானமே போட்டது. தட்டானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

வரப்பில் அரைமணி நேரம் நின்றால் போதும். நெற்பயிரின் நுனியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும் ஒரு தட்டான் கண்ணில் படும். ஆணின் இறக்கையில் அடிப்பாதி கருநீலம், அதையொட்டி ஒரு வெள்ளைப் பட்டை, நுனி மட்டும் கண்ணாடி. கொஞ்சம் தள்ளி உடல் முழுக்கச் சிவந்த ஒன்று. பச்சையும் கறுப்புமாக இருப்பது மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும் முரடன். குனிந்து புல்லடியைப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் அளவே உள்ள ஊசித்தட்டான்கள். தட்டான் உட்காரும்போதும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை முதுகோடு சேர்த்து மடக்கிக்கொள்ளும்.

படம் எடுக்க விலை உயர்ந்த கேமரா கட்டாயமில்லை. வெயில் ஏறுமுன் போக வேண்டும். பனியில் நனைந்து உடல் சூடேறாத தட்டான் சட்டென்று பறக்காது. நம் நிழல் அதன்மேல் விழாமல், தாழ்ந்து, மெதுவாக நகர வேண்டும். பறந்துவிட்டாலும் துரத்தக் கூடாது. பல வகைகள் எழுந்துபோன அதே குச்சிக்கே திரும்பி வந்து உட்காரும். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதைப் பார்க்கலாம். உடலில் படும் வெயிலைக் குறைத்துக்கொள்ள அது கண்ட வழி அது. இன்ன வகை என்று சொல்ல ஒரே ஒரு அழகான படம் உதவாது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனி தெளிவாக ஒன்று வேண்டும். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் வகைகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஆணின் வால்நுனியில் உள்ள சிறு கொக்கிகள்தான்.

பறக்கும் தட்டானைத்தான் நாம் பார்க்கிறோம். அதன் வாழ்வில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இளம்புழுவாகக் கழிந்துவிடுகிறது. மடங்கிய கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைக் கவ்வும் அந்தப் புழுவுக்குக் கொசுப்புழு பிடித்த உணவு. மியான்மரின் யாங்கூன் நகரில் வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டான் புழுக்களை விட்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1990-இல் வெளியானது. அதற்குப் பயன்பட்டது நம் வயலில் பறக்கும் அதே சிவப்புத் தட்டான் இனம். இறக்கை முளைத்த பிறகும் வேட்டை ஓய்வதில்லை. வயலின் மேல் பறக்கும் அந்துப்பூச்சிகளை அது பிடிப்பதால்தான் வேளாண் துறையினர் அதை நன்மை செய்யும் பூச்சி என்கிறார்கள்.

அந்த நன்மையை இழப்பது எவ்வளவு எளிது என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே நெல்வயல்களின் அடையாளமாக இருந்த சிவப்புத் தட்டான்கள் 1990-களிலிருந்து பல பகுதிகளில் பெரும் சரிவைக் கண்டன. நாற்றுத் தட்டுகளில் இடும் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சுட்டினார்கள். சரிவை ஜப்பானியரால் அறிய முடிந்ததே முன்பு எவ்வளவு இருந்தது என்று அவர்கள் கவனித்து வைத்திருந்ததால்தான். நெல்லுக்கும் திராட்சைக்கும் மருந்து அடிக்கும் நம் பள்ளத்தாக்கில் நாளை தட்டான் குறைந்தால், எதை வைத்துக் குறைந்தது என்போம்? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் 6,016 தட்டான் இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தது. நன்னீர் நிலங்கள் சீரழிவதைத்தான் அது காரணமாகச் சொன்னது.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதும் கண்மாயைத் தூர்வாருவதும் விவசாயிக்குத் தேவையான வேலைகள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஊசித்தட்டான் நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டை வைக்கிறது. கரையோரப் புல்லையும் கோரையையும் ஒட்ட வழித்தெடுத்தால் அதற்கு இடமே இல்லை. ஒரு பக்கக் கரையை அந்த ஆண்டு விட்டுவைத்து, அடுத்த முறை அதைச் சுத்தம் செய்யலாம்.

மழைக்காலத்தில் மைதானத்தின் மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானின் கதை தனி. அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருபவை, மேலும் ஆப்பிரிக்காவுக்குப் போகக்கூடியவை என்று சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார். ஒரே பூச்சி போய்த் திரும்புவதில்லை. வழியில் மழைநீர்க் குட்டைகளில் பிறக்கும் அடுத்தடுத்த தலைமுறைகள் பயணத்தைத் தொடர்கின்றன. இவ்வளவு பெரிய பயணத்தில் நம் ஊர்க் குட்டைக்கும் பங்கு இருக்கலாம் என்பது சாதாரணச் செய்தியா?

குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே தட்டான் ஆர்வலர்கள் வனத்துறையோடு சேர்ந்து காடுகளில் கணக்கெடுக்கிறார்கள், வகைகளுக்கு மலையாளப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். தமிழிலும் கருவி இல்லாமல் போகவில்லை. ப. ஜெகநாதனும் ஆர். பானுமதியும் எழுதி க்ரியா வெளியிட்ட தட்டான்கள், ஊசித்தட்டான்கள் அறிமுகக் கையேடு பள்ளி மாணவரும் வயலுக்கு எடுத்துப் போகத்தக்கது.

ஈரநில விதிகள் கைவிட்ட இடத்தில் வேறொரு சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உத்தமபாளையமும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அந்தப் பதிவேட்டில் தட்டானுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கட்டும். ஊரில் 1956 முதல் இயங்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி மாணவர்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் கைபேசியோடு களமிறங்கினால் போதும். முதல் போக நடவின்போது ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை, இரண்டாம் போகத்திலும் அதேபோல். ஒவ்வொரு ஆண்டும் அதே மடை, அதே வரப்பு, அதே கண்மாய்க்கரை. படத்தோடு தேதியும் இடமும் எழுதி, அந்த வாரம் வயலுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று விவசாயியிடமே கேட்டுச் சேர்த்துக்கொண்டால், வேளாண் அலுவலர் அடுத்த மருந்தைப் பரிந்துரைக்கும் முன் புரட்டிப் பார்க்க ஒரு பதிவு கிடைக்கும்.