நெஞ்சுக்குழி ஆபரேஷன்: பில் ஒண்ணு இல்ல, ரெண்டு!



போன மாசம் ஊருக்கு, ஆரணிக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி வந்தான். அப்பா பட்டு நெசவு, இவனுக்குச் சென்னையில ஐடி வேலை. "அண்ணா, பர்சனல் லோன் எந்த பேங்க்ல வட்டி கம்மி?"ன்னு கேட்டான். எதுக்குடான்னு கேட்டா ரொம்ப நேரம் பதிலே இல்ல.

அப்புறம்தான் சொன்னான். அவனுக்கு நெஞ்செலும்பு உள்வாங்கி, நடு மார்புல குழி. இதுவரைக்கும் யார் முன்னாடியும் சட்டையைக் கழட்டினதில்ல. மாடி ஏறினா மூச்சு வாங்குது. சின்ன வயசுல தறியில குனிஞ்சு உக்காந்ததால வந்ததுன்னு பாட்டி இன்னிக்கும் நம்புறாங்க. உண்மையில இது பிறவிக் குறை. விலா எலும்போட குருத்தெலும்பு வளர்ச்சியில வர்ற கோளாறு.

முன்னெல்லாம் மார்பைத் திறந்து குருத்தெலும்பை வெட்டி எடுப்பாங்க. 1987-ல அமெரிக்காவின் நார்ஃபோக்ல டாக்டர் டொனால்ட் நஸ் வேற வழியைக் கொண்டுவந்தார். ரெண்டு பக்கமும் சின்னதா கீறி, வளைஞ்ச உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில நுழைச்சுத் திருப்பினா, எலும்பு மேல எழும்பும். பொதுவா 2 முதல் 4 வருஷம் கழிச்சு, இன்னொரு ஆபரேஷன்ல பட்டையை எடுப்பாங்க.

நம்ம சப்ஜெக்ட் அந்தக் கடைசி வரியிலதான் இருக்கு. எல்லாரும் முதல் பில்லுக்குத்தான் பிளான் பண்றாங்க. ரெண்டாவது பில் வரும்போது நீங்க இதே கம்பெனியில இருப்பீங்களா? 24 வயசுல இருக்கறவங்க மூணு வருஷத்துல வேலை மாறறது சகஜம். வேலை போனா குரூப் பாலிசியும் போச்சு.

அதனால லோனுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க:

1. "காஸ்மெடிக்" முத்திரை விழ விடாதீங்க. அழகுக்கான சிகிச்சைக்கு பாலிசி பணம் தராது. உடனடி உடல்நல ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சைன்னு டாக்டர் சான்று தந்தா விதிவிலக்கு உண்டு. சிடி ஸ்கேன்ல வர்ற ஹாலர் இண்டெக்ஸ் (3.25-க்கு மேல போனா தீவிரம்னு எடுத்துக்கறாங்க), எக்கோ, நுரையீரல் டெஸ்ட், எல்லாத்தையும் ஃபைல் பண்ணுங்க. குழி லேசா இருந்தா ஆபரேஷனே தேவைப்படாமப் போகலாம்.

2. ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க. வெளியில தெரியற பிறவிக் குறையைப் பல பாலிசிகள் ஒதுக்கிடும். உங்க குரூப் பாலிசியில கவர் உண்டா, பட்டை எடுக்கறதுக்கும் சேர்த்தான்னு கேளுங்க. பதில் எழுத்துல வேணும்.

3. வேலை மாறும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற முடியுமான்னு ராஜினாமாவுக்கு முன்னாடியே கேளுங்க. புது பாலிசி எடுத்தா ஆபரேஷனை மறைக்காதீங்க. ஏற்கனவே இருக்கற நோய்க்கு 2024 முதல் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைச்சது தெரிஞ்சா கிளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

4. கிளெய்மை நிராகரிச்சா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. அவங்க மறுத்தாலோ, ஒரு மாசம் பதில் இல்லேன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். நமக்குச் சென்னை ஆஃபீஸ். கட்டணமும் இல்ல, வக்கீலும் வேண்டாம்.

டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. உங்க வயசுக்குப் பிரீமியத்துக்குக் கழிவு உண்டு, ஆபரேஷன் பில்லுக்கு இல்ல. புது வரி முறையில அதுவும் கிடையாது.

"அப்ப ஆபரேஷனே வேண்டாம்னு விட்டுடட்டுமா அண்ணா?"ன்னு கேட்டான். விடாதடா. மூச்சு வாங்குதுன்னா அது ஆசை இல்ல, தேவை. லோன் எடுக்கறதும் தப்பில்ல, ஆனா அது கடைசிக் கதவா இருக்கட்டும். இன்னிக்கே ஒரு ஆர்டி போட்டு, ரெண்டாவது பில்லுக்கு மாசா மாசம் ஒரு தொகை ஒதுக்குன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே ஹெச்ஆருக்கு மெயில் போட்டுட்டான்.

நீங்களும் உங்க பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து "காஸ்மெடிக்", "கன்ஜெனிட்டல்" ரெண்டு வார்த்தையையும் தேடிப் பாருங்க. என்ன போட்டிருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்.