வீழ்ந்து கிடப்பவனும் மத்தியஸ்தரும்

உதைபந்தாட்டத்திலே ஊதுகுழலைக் கையிற்கொண்டு நிற்பவருக்கு வரும் சங்கடங்கள் பல. அவற்றுள் மிகப் பெரியது, காலைப் பிடித்துக்கொண்டு புற்றரையிற் புரளும் ஆட்டக்காரனைக் காணும்போது வருவது. மெய்யாகவே அடிபட்டானா? அன்றி, ஒரு கோலால் முன்னிற்கும் தன் கட்சிக்காக நேரத்தைக் கடத்துகின்றானா? வேலியோரத்தில் நிற்போர், "நடிக்கிறான், நடிக்கிறான்" என்று கூவுவர். அவர்களுக்கு அது எளிது.

நாமும் சில ஆண்டுகள் பாடசாலை மைதானங்களில் ஊதுகுழல் ஏந்தியவரே. ஒரு மாலை, இருமுறை பொய்யாக வீழ்ந்து நேரங்கடத்திய மாணவனொருவன் மூன்றாம் முறையும் வீழ்ந்தான். "எழும்பு தம்பி, கூத்துப் போதும்" என்று சொல்லி ஆட்டத்தை நடக்கவிட்டோம். பந்து வெளியே சென்றபின் கிட்டப் போய்ப் பார்த்தால், அவனது காறையெலும்பு முறிந்திருந்தது. அவனுடைய முன்னைய பொய்கள் இரண்டும் அப்பொழுது எமக்கு ஆறுதல் தரவில்லை.

அன்றுதொட்டு எமது கருத்து இதுவே: நோவை அளப்பது மத்தியஸ்தரின் தொழிலன்று. வேண்டிய கருவியை விதியே அவருக்குக் கொடுத்திருக்கின்றது. சிறு காயமாயின் பந்து வெளியேறும்வரை ஆட்டம் தொடரலாம்; கடுங்காயமென்று தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும். காயப்பட்டவனுக்கு மைதானத்துள் வைத்தியஞ் செய்தலாகாது. அவன் கோட்டுக்கு வெளியே சென்று, ஆட்டம் மறுபடி தொடங்கிய பின்னரே மத்தியஸ்தரின் அனுமதியோடு உள்ளே வரலாம். கோல் காப்பாளர், ஒரே கட்சியில் தம்முள் மோதிக்கொண்டோர், கடுங்காயமுற்றோர் முதலிய சிலருக்கே விலக்கு உண்டு. இழந்த நேரமோ இறுதியிற் கூட்டப்படும். ஆகவே, வீழ்ந்தவன் எவனாயினும் பரிவோடு அணுகி, "தம்பி, வெளியே போய்க் காட்டிவிட்டு வா" என்றால் போதும். மெய்யாய் நொந்தவனுக்கு அது உதவி. நடிகனுக்கோ, தன் கட்சியைப் பத்துப்பேராக்கிவிட்டுக் கோட்டோரம் நிற்கும் தண்டனை. அதைக் கேட்டதும் அவன் எழும்பும் வேகம் எந்த மருந்துக்கும் வராது!

ஏமாற்றைக் கண்ணாரக் கண்டால் மஞ்சள் அட்டை காட்டலாம், காட்டவும் வேண்டும். ஐயத்தின்பேரிற் காட்டுதல் தகாது. உலகறிந்த பொய்யர்களையும் மைதானத்தில் நின்ற மத்தியஸ்தர் உடனே கண்டுகொண்டாரல்லர். 1989இல் மரக்கானா அரங்கிலே, சிலி நாட்டுக் கோல் காப்பாளர் றோஜாஸ், அருகில் வந்து வீழ்ந்த வாணத்தைச் சாட்டாக வைத்துச் சவர அலகினால் தம்மைத் தாமே கீறிக்கொண்டார். வாணம் அவர்மேற் படவில்லையென்பதைக் காட்டியவை பின்னர் வந்த நிழற்படங்களே. அதனால் அவர் நாடு 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தையே இழந்தது. 2002இல் பிறேசிலின் றிவால்டோ, பந்து காலிற்பட முகத்தைப் பொத்திக்கொண்டு வீழ்ந்தார். துருக்கி வீரர் வெளியேற்றப்பட்டார். றிவால்டோவுக்கு அபராதம் பின்னரே வந்தது. எமது வேலியோரத்திலோ படப்பிடிப்பாளருமில்லை, வைத்தியருமில்லை.

ஊதுகுழல் ஏந்த முன்வரும் இளைஞர் இன்னொரு நாளையும் நினைவிற் கொள்வாராக. 2021 யூன் 12ஆம் நாள், கோப்பன்ஹேகன் நகரிலே, பின்லாந்துக்கெதிராக ஆடிய டென்மார்க் வீரர் எரிக்சன், எவரும் தொடாமலே நிலத்தில் வீழ்ந்தார். தொடாமல் வீழ்பவன் நடிகன் என்பது வேலியோரச் சாத்திரம். மத்தியஸ்தர் அன்ரனி ரெயிலர் அதைப் பாராமல், உடனே ஆட்டத்தை நிறுத்தி வைத்தியரை அழைத்தார். நின்றுபோன இதயம் மைதானத்திலேயே மீட்கப்பட்டது. 2022இல் எரிக்சன் மறுபடியும் பந்தாடினார்.