எந்த டம்ளரில் டீ?

சேரிப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வேணும், இங்கிலீஷ் இலக்கியம் எதுக்கு? இப்படிக் கேட்பவர்களில் அக்ரகாரத்துப் பேராசிரியரும் உண்டு, நம் மேல் கரிசனம் பொழியும் முற்போக்குத் தோழரும் உண்டு. நாலு வார்த்தை பேசக் கத்துக்கிட்டா பிழைச்சுக்குவான் என்கிறார்கள். இந்தக் கரிசனத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

தமிழக மேல்நிலைப் பாடத்திட்டத்தில் இங்கிலீஷ் எல்லாருக்கும் மொழிப்பாடம். அதற்கு மேல் விருப்பப்பாடமாக இருப்பது 'கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்'. இலக்கியம் என்று தனிப்பாடம் கிடையாது. ஐ.எஸ்.சி. பள்ளியிலோ மொழிக்கு ஒரு தாள், இலக்கியத்துக்கு இன்னொரு தாள். ஷேக்ஸ்பியர் நாடகத்தை முழுசாகப் படிக்கிறார்கள். இங்கிலாந்தின் ஏ லெவலில் குறைந்தது 8 நூல்கள். 1900-க்கு முந்தியவை 3, அதில் ஷேக்ஸ்பியர் கட்டாயம். 2000-க்குப் பிந்தியது 1. முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து, நீ எப்படி வாசிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒரே நூலுக்குப் பல வாசிப்புகள் உண்டென்று அறிந்தவனுக்கு மார்க் கிடைக்கிறது.

நம்ம பிள்ளைக்குக் கிடைப்பது துண்டு துணுக்கும் ஒரு கைடும். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய தேநீர்க் கட்டுரை ஒரு பாடம். நல்ல டீ போட 11 விதிகள். கோப்பை என்ன வடிவத்தில் இருக்கணும் என்பதற்குக்கூட ஒரு விதி! இரட்டை டம்ளர் வைத்த நாட்டில் இதைப் படிக்கிற சேரிப்பெண் என்ன கேட்பாள்? 'சரி அய்யா, எனக்கு எந்த டம்ளர்?' என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் இலக்கியப் படிப்பு. அதை விடைத்தாளில் எழுத இடமில்லை. விதிகளை ஒப்பித்தால் மார்க் உண்டு.

யார் எதைத் தொடலாம் என்று வகுத்த சாதிதான் யார் எதைப் படிக்கலாம் என்றும் வகுத்தது. பள்ளியில் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படித்தார். அன்றைக்குத் தீட்டு என்று தடுத்தார்கள். இன்றைக்கு 'உனக்கு உபயோகப்படாதுப்பா' என்று தோளில் கைபோட்டுத் தடுக்கிறார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. அவர்கள் சொல்லும் 'போதுமான' இங்கிலீஷ் எனக்கு அத்துப்படி. சர்க்குலரைப் படிக்கலாம், மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதலாம். அது உத்தரவு வாங்கிக்கொள்ளும் இங்கிலீஷ். உத்தரவு போட்டவனை 'ஏன்?' என்று கேட்கும் இங்கிலீஷை எந்த சர்க்குலரும் கற்றுத்தராது. கவிதையும் நாடகமும் கற்றுத்தரும்.

உடனே 'மெக்காலேயின் வாரிசு' என்று பட்டம் கட்டுவார்கள். 1835-ல் மெக்காலே கேட்டது, ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஒரு கூட்டம். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது யார் என்று நமக்குத் தெரியாதா? 1854-ல் தன் கவிதை நூலில் இங்கிலீஷ் படியுங்கள் என்று பாடிய சாவித்திரிபாய் புலே யாருக்கும் துபாஷி வேலை பார்க்கவில்லை. சாதி விலங்கை உடைக்கத்தான் படிக்கச் சொன்னார்.

ஆகவே கேட்கிறோம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் இலக்கியம் தனிப்பாடமாக வரட்டும். ஷேக்ஸ்பியர் முழுசாக வரட்டும். 1992-ல் தமிழில் வந்த பாமாவின் 'கருக்கு' இங்கிலீஷிலேயே இருக்கிறது, அதுவும் பக்கத்தில் வரட்டும். எது இலக்கியம் என்று எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.