12 நாள் மாப்பிள்ளை கதை, வங்கமொழி சினிமாவைக் காப்பாற்றியது எப்படி?

பிறந்து 12 நாளே ஆன இளவரசனுக்கும் 12 வயதுச் சிறுமிக்கும் கல்யாணம். நடக்கலைன்னா குழந்தை பிழைக்காது. முடிந்த கையோடு, கைக்குழந்தையான கணவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் 12 வருஷம் காட்டில் இருக்கணும். இதுதான் ‘ரூப்பான்’. இன்னிக்குக் கேட்டால் சிரிப்பு வரும், கோபமும் வரும். ஆனா 1965-ல் டாக்காவில் வெளியான இந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வங்கதேச சினிமா வரலாற்றை எழுத முடியாது.

அப்போது அது கிழக்கு பாகிஸ்தான். 1952-ல் வங்கமொழிக்காக மாணவர்கள் உயிரைக் கொடுத்த அதே டாக்காவில், சினிமாக்காரர்கள் உருதுவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் சிம்பிள்: மார்க்கெட். உருதுப் படம் கராச்சி, லாகூரிலும் ஓடும். வங்கமொழிப் படம் கிழக்கைத் தாண்டாது. 1962-ல் ‘சந்தா’ என்ற உருதுப் படம் ஹிட் அடித்ததும் ஆளாளுக்கு அந்தப் பக்கம் போனார்கள். வங்கமொழியில் நாவல்கள் எழுதிய ஜாகிர் ரைஹானே 1964-ல் ‘சங்கம்’ படத்தை உருதுவில், அதுவும் கலரில் எடுத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போட்ட பணம் திரும்பி வரணுமே.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் சலாவுதீன் ‘ரூப்பான்’ கதையை எடுத்தார். அதற்கு முன் ‘சூர்யஸ்னான்’ மாதிரி யதார்த்தப் படங்கள் எடுத்தவர். ‘ரூப்பான்’ கதையோ, கிராமங்களில் ஆட்டமும் பாட்டுமாக நடக்கும் ‘ஜாத்ரா’ நாடகங்களில் மக்கள் பார்த்துப் பார்த்துப் பழகியது. நாயகி சுஜாதா. தியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காத கிராமத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வங்கமொழிக்கு மார்க்கெட் இல்லைங்கிற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

அடுத்த வருஷமே ‘குனாய் பீபி’, ‘மஹுவா’ என்று நாட்டுப்புறக் கதைகள் வரிசைகட்டின. ரைஹானும் திரும்பி வந்தார், ‘பேஹுலா’வோடு. முதலிரவில் பாம்பு கடித்து இறந்த கணவனின் உடலோடு வாழைமரத் தெப்பத்தில் ஆற்றோடு போய், தேவர்கள் முன் ஆடி, அவன் உயிரை மீட்கும் பெண்ணின் கதை அது. வங்கத்தில் பல நூற்றாண்டுகளாகப் பாடப்படுவது. கொல்கத்தாவிலிருந்து அகதியாக வந்து சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டிய ரஸ்ஸாக் இதில்தான் ஹீரோ ஆனார், ஜோடி சுசந்தா.

இந்தப் படங்கள் எல்லாம் நல்ல படங்களா? இல்லை. ‘ரூப்பான்’ ஓடியதைப் பார்த்து அவசரமாகச் சுட்ட சரக்கும் நிறைய. பெண் எவ்வளவு கஷ்டப்படுகிறாளோ அவ்வளவு உத்தமி என்கிற கணக்கும் இவற்றில் உண்டு. அதைச் சொல்லி விமர்சிப்பது நியாயம். ‘பட்டிக்காட்டுப் படம்’ என்று முகம் சுளிப்பதுதான் இடிக்குது. 1970-ல் அதே ரைஹான், அதே ரஸ்ஸாக்-சுசந்தாவை வைத்து, ராணுவ ஆட்சியை ஒரு வீட்டுச் சண்டையாக மாற்றிக் கிண்டலடித்த ‘ஜீவன் தேகே நேயா’வை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தப் படத்துக்கான ரசிகர் கூட்டம் ஒரே நாளில் முளைக்கவில்லை. அதில் ஒரு பகுதி, ‘ரூப்பான்’ பார்க்க முதல்முறையாக டிக்கெட் எடுத்த கூட்டம்.