மரவில்லும் அதனைப் பேணும் முறையும்

மரவில்லில் பயிற்சி பெற விழையும் இளைஞர் முதலில் வினவுவது, “எவ்வளவு வலிய வில் வாங்கலாம்?” என்பதே. பெற்றோர் வினவ வேண்டியதோ, “எவ்வளவு இலேசான வில் போதும்?” என்பதாகும். நாணை 28 அங்குலம் இழுக்கையில் விரல்கள் தாங்கும் பளு, வில்லின்மீது இராத்தல் கணக்கிற் குறிக்கப்பட்டிருக்கும். வளர்ந்தவர்க்கும் தொடக்கத்தில் 25 இராத்தல் போதும். சிறுவர்க்கு அதனினும் குறைவாக இருத்தல் நலம். மிகுபளுவோடு தொடங்குபவன் குறிபார்க்கக் கற்பதில்லை, தோளைக் கெடுத்துக்கொள்கிறான்.

1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் சிதைவிலிருந்து யூ மரத்தாலான நெடுவிற்கள் நூற்றுக்கு மேல் எடுக்கப்பட்டன. அவற்றுட் பல 100 இராத்தலுக்கு மேற்பட்டவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றை வளைத்தோர் இளமை முதல் பழகியவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டுதல் தகும்! யூ வில்லில், எய்பவரை நோக்கிய பக்கம் வைரம். அது நசுங்குதலைத் தாங்கும். மறுபக்கத்து வெளிர்மரம் இழுவிசையைத் தாங்கும்.

அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுதல் பெருந்தீங்கு. அம்போடு செல்ல வேண்டிய விசை முழுவதும் மரத்திற்கே திரும்புமாதலின் வில் பிளக்கலாம். சிதறும் துண்டு முகத்தையும் தாக்கலாம். விருந்தினர் விளையாட்டாக இழுத்துப் பார்ப்பதையும் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும்.

எய்து முடிந்ததும் நாணை இறக்கிவிடுக. இல்லையேல் மரம் நிலையாக வளைந்து, விசை குன்றும். வில்லை மூலையில் சார்த்தி வையாது, இரு முளைகளின்மேல் கிடையாகக் கிடத்துக. பூட்டிய காரின் வெப்பமும் ஈரச்சுவரும் ஆகா. அதே 1545-இல் ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் நூலை வெளியிட்ட ரோஜர் ஆசாம், மெழுகிட்ட கம்பளித் துணியால் வில்லை நாள்தோறும் தேய்க்கச் சொல்கிறார். நாணுக்கும் தேன்மெழுகு நன்று. புரி அறுந்த நாணை உடனே மாற்றுக.

நாணேற்றிய நெடுவில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, கட்டைவிரலை நிமிர்த்திய மூடிய கையின் உயரம் இருத்தல் பழைய வழக்கு. அளவுகோல் தேட வேண்டியதில்லை!

மர அம்பை ஒவ்வொரு முறையும் எய்யுமுன் மெல்ல வளைத்துப் பார்த்து, கீறல் தென்பட்டால் முறித்து எறிந்துவிடுக. கீறிய அம்பு எய்கையில் ஒடிந்து, வில்லைப் பிடித்த கையிலேயே பாயக்கூடும்.