மோர் ஊற்றும் முன் குழாயைக் கழற்றுங்கள்



மதுரைச் சித்திரைத் திருவிழாவின் கொடியேற்றம் நெருங்குகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் என்று வழிநெடுக நீர்மோர்ப் பந்தல் நிற்கும். வெயிலில் கால் கடுக்க நடந்து வருகிறவருக்கு அந்த ஒரு டம்ளர் மோரின் அருமை இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தலே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்களில் பாதிப் பேர் பந்தல் நடத்துகிறவர்கள். மீதிப் பேர் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் கற்பிப்பவர்கள், படிப்பவர்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: டிரம்மையும் அதன் குழாயையும் தேய்த்துக் கழுவிக் காயவைக்காமல் மோரோ பானகமோ ஊற்றாதீர்கள்.

போன வருஷம் விழா முடிந்ததும் டிரம்மை இரண்டு தரம் அலசிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். அடியில் உள்ள பிளாஸ்டிக் குழாயைத் திருகிக் கழற்றி, மரையையும் வாஷரையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்பாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டுச் சற்று நேரம் ஆனதும் விரலுக்கு வழவழக்கும். தண்ணீர் பிடிக்கும் ஹோஸ் பைப்பும் அப்படித்தான். பழைய ஹோஸ் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, நன்றாக அலசி, ஆய்வகத்தில் உள்ள கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஊற்றிப் பாருங்கள். மறுபடி அலசினாலும் படலம் படிந்த இடங்களில் ஊதா நிறம் போகாது.

அந்த வழவழப்பு வெறும் அழுக்கு இல்லை. ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த ஒரு கூழைச் சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொள்கிறது. சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். அறிவியலில் இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதில் பெரும்பங்கு வகிக்கும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவே, சர்க்கரை ஆலைக்குள் புகுந்தால் கரும்புச்சாற்றில் டெக்ஸ்ட்ரான் என்ற கூழை உண்டாக்கி ஆலைக்காரர்களைப் படாதபாடு படுத்துகிறது. வெல்லம் கரைத்த பானகமும் அதற்கு விருந்துதான். அந்தப் பாக்டீரியாவால் நமக்குப் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆனால் கூழ் ஒன்று படிந்துவிட்டால் சால்மோனெல்லா, ஈ.கோலை, ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவையும் அதில் குடியேற வழி கிடைக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து டம்ளருக்குள் விழும்.

"ப்ளீச்சிங் பவுடர் போட்டுத்தானே அலசுகிறோம்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. நுண்ணோக்கியால் முதன்முதலில் பாக்டீரியாவைப் பார்த்த லீவன்ஹூக், தன் பல்லில் படிந்த ஊத்தையையும் ஆராய்ந்தார். வினிகரால் வாயைக் கழுவியும் ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மட்டுமே செத்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று அவர் எழுதிய கடிதம் 1684-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. ப்ளீச்சிங் பவுடருக்கும் அதே கதிதான். குளோரின் மோர்ப் பிசுக்கோடும் கூழோடும் வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. தண்ணீரில் தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்வதற்கு ஆகும் மருந்தைப்போலப் பல மடங்கு, சில சோதனைகளில் ஆயிரம் மடங்குவரை, படலத்துக்குள் இருப்பவற்றுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்ப்பதற்கு மாற்றாக எந்த மருந்தும் கிடையாது.

2008-இல் கனடாவில் மேப்பிள் லீஃப் என்ற பெரிய இறைச்சி நிறுவனத்தின் டொரன்டோ ஆலையிலிருந்து லிஸ்டீரியா என்ற கிருமி பரவி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே கழுவாமல் விடவில்லை. இயந்திரம் செய்தவர்கள் சொன்னபடியே கழுவியிருக்கிறார்கள். ஆனால் இறைச்சி சீவும் இயந்திரங்களின் உட்புறத்தில், வழக்கமான கழுவல் எட்டாத ஆழத்தில், துணுக்குகள் தங்கியிருந்தன. கிருமி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நிறுவனமே பிற்பாடு சொன்னது. அவ்வளவு பெரிய ஆலைக்கே இந்த நிலை என்றால், நம் டிரம் குழாய் எம்மாத்திரம்?

மோர் புளிப்புதானே, அதில் கிருமி நிற்குமா என்பது இன்னொரு கேள்வி. கெட்டித் தயிரின் புளிப்பு பல கிருமிகளை அடக்கிவைக்கும் என்பது உண்மை. நாம் ஊற்றுவது நீர்மோர். ஒரு பங்கு தயிருக்குப் பல பங்கு தண்ணீர், அதன்மேல் ஐஸ் என்று சேரும்போது புளிப்பும் நீர்த்துவிடுகிறது. ஐஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனுக்குப் போடும் ஐஸ் பார் குடிப்பதற்கு உரியது அல்ல. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அறிவுறுத்தியது. நிறம் இல்லை என்பதாலேயே நல்ல ஐஸ் என்று நம்பிவிடவும் வேண்டாம். குடிநீரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். விழாவுக்கு மூன்று நாள் முன்பே குழாயைக் கழற்றிவிடுங்கள். வாஷர், மரை, குழாயின் உள்வாய் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். டிரம்மின் உட்புறத்தை, முக்கியமாக அடிமூலையையும் கழுத்து மடிப்பையும், விரலுக்கு வழவழப்பு போய்க் கறகறவென்று ஆகும்வரை தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். அது பிளாஸ்டிக்கில் போடும் கீறலே அடுத்த படலத்துக்கு இடமாகிவிடும். சோப்பு போக அலசிய பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 7 கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, உட்புறம் முழுக்கப் படும்படி அரை மணி நேரம் விடுங்கள். வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, குழாயை மாட்டாமல் வெயிலில் காயவிடுங்கள். காய்வதுதான் பாதி வேலை. ஈரம் இல்லாத இடத்தில் படலம் வளராது. சித்திரை வெயில் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இதுதான்! விழா நாட்களில் ஒவ்வொரு இரவும் குழாயைக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாததால் நடக்காமல் போவதில்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். டிரம் கழுவும் வேலை எப்போதும் பந்தலிலேயே சின்னப் பையன் தலையில் விழுகிறது, அதுவும் இரவில், எல்லோரும் களைத்துக் கிளம்பும் நேரத்தில். அவனுக்குக் கொடுப்பது ஒரு வாளித் தண்ணீரும் பத்து நிமிஷமும். ஆள் உயர ஃபிளக்ஸுக்கும் மைக் செட்டுக்கும் பணம் இருக்கிற பந்தலில், தேய்க்க இரண்டு பெரியவர்களுக்குக் கூலி இல்லை என்றால் நம்ப முடியவில்லை. தயிருக்கும் வெள்ளரிக்காய்க்கும் நன்கொடை தருகிறவர்கள் இந்த வருஷம் இரண்டு புதுக் குழாய், நான்கு பிரஷ், ஒரு ராத்திரிக் கூலி என்று கேட்டுக் கொடுங்கள். ஃபிளக்ஸில் உங்கள் படம் அப்படியே இருக்கட்டும்.

குடிக்க வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குழாய் வாயைக் குனிந்து பாருங்கள். "அண்ணே, குழாயைக் கழற்றிக் கழுவினீங்களா?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், செல்போனில் படம் பிடித்துப் போடவும் வேண்டாம். வெயிலில் நின்று இலவசமாக ஊற்றுகிறவரை அவமானப்படுத்தினால் அடுத்த வருஷம் பந்தலே இருக்காது. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் காய்ச்சி ஆற்றிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது.

கையில் இருக்கும் டிரம் ரசாயனம் வந்த பழைய நீல டிரம்மாக இருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் பயன்படுத்தாதீர்கள். குழாயைக் கழற்றவே வராத டிரம்மையும் ஒதுக்கிவிடுங்கள். தேய்த்துக் காயவைத்த எவர்சில்வர் அண்டா, அதற்கு ஒரு மூடி, நீண்ட காம்புள்ள ஒரு கரண்டி, ஊற்றுவதற்கு ஒரே ஓர் ஆள் இருந்தால் போதும், பந்தல் நடக்கும்.