கொல்லைக்கு எந்தக் கோழி? குஞ்சை அல்ல, தாய்க்கோழியைப் பார்த்து வாங்குங்கள்!

‘தோனியே வாங்கியிருக்கார்’ என்று சொல்லி எத்தனை கருங்கோழிக் குஞ்சுகள் விற்றிருக்கும் என்பது விற்றவர்களுக்குத்தான் வெளிச்சம். கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியின் ராஞ்சி பண்ணைக்கு, மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவிலிருந்து 2,000 கடக்நாத் குஞ்சுகள் 2022-ல் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் இருப்பவர்களுக்கு ஆசையைக் கிளப்ப அந்த ஒரு செய்தி போதாதா?

கோழி ஆசையில் தப்பே இல்லை. சிக்கல் வாங்கும் இடத்தில்தான். ‘ஒரிஜினல் நாட்டுக்கோழி, ஒரு மாதக் குஞ்சு, பஸ்ஸில் பார்சல் அனுப்பப்படும்’ என்று போனில் ஒரு விளம்பரம் வரும். முன்பணம் போகும். அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் வரும். இரண்டரை மாதத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு வளர்ந்து நிற்கும். முட்டையும் நன்றாகவே இடும். ஆனால், ஒருநாள்கூட அடை உட்காராது. பாட்டி வீட்டில் பார்த்த, பத்துக் குஞ்சுகளோடு குப்பையைக் கிளறும் தாய்க்கோழிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் சந்தேகம் வரும்.

கிரிராஜா, வனராஜா, கிராமப்பிரியா எல்லாம் புறக்கடை வளர்ப்புக்காகவே ஆராய்ச்சி நிலையங்களில் உருவாக்கப்பட்ட ரகங்கள். கிரிராஜா பெங்களூருவில் பிறந்தது. மற்ற இரண்டும் ஹைதராபாத்தில். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்தவை நந்தனம் கோழியும் நாமக்கல் கோழியும். பல வண்ண இறகோடு, பார்க்க அசல் நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். இவை மோசமான கோழிகள் கிடையாது. வீட்டுக்கு முட்டை வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு இவற்றையே வாங்கலாம். தானே அடை உட்கார்ந்து, தானே குஞ்சை வளர்க்கும் பரம்பரைக் கோழி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் மிச்சக் கதை.

சிறுவிடை எங்கே போனது?

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்துத் தெருவை. நம் ஊரின் சிறிய உடல் நாட்டுக்கோழிதான் சிறுவிடை. பெட்டை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு, ‘கொக் கொக்’ என்று கேற ஆரம்பித்துவிடும். அடையில் 21 நாள், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம் என்று காலம் போவதால், வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு முட்டைதான் தேறும். வளர்ச்சியும் மெதுவே. கறிக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். கணக்குப் போடுகிற யாருக்கும் இது பிடிக்காது.

ஆனால், பருந்து நிழல் தெரிந்ததும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் வாங்குவதும், கறையான் புற்றைத் தேடிப்போய்க் கிளறித் தருவதும், இருட்டியதும் மரக்கிளையில் ஏறிக்கொள்வதும் இந்தக் கோழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீவனச் செலவும் குறைவு. சமையலறை மிச்சமும் ஒரு கைப்பிடி கம்பும் போதும்.

இவ்வளவு நல்ல கோழி ஏன் அரிதானது? யாரும் ஒழித்துக்கட்டவில்லை. கோழி பெரிதாக வரட்டும் என்று தெருவில் யாரோ ஒருவர் கலப்பினச் சேவலையோ பெருவிடைச் சேவலையோ இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். முதல் ஈட்டிலேயே குஞ்சுகளில் பாதி ரத்தம் அந்தச் சேவலுடையது. அதன் பெட்டைகளும் அதே இனச் சேவலோடு சேர்ந்தால் அடுத்த ஈட்டில் முக்கால். இரண்டே தலைமுறை, அதாவது ஒன்றரை இரண்டு வருடம். பல தலைமுறையாக அந்த ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகிய கோழி, யாருக்கும் தெரியாமல் கால்பங்காகிவிடுகிறது. அதனால் சுத்தமான சிறுவிடையைத் தேடுபவர்கள், மெயின் ரோட்டிலிருந்து தள்ளியிருக்கும் சின்ன ஊர்களில், வெளியிலிருந்து சேவல் வாங்காத வீடுகளில் விசாரிப்பது நல்லது. ‘கோழி தருவீங்களா’ என்று கேட்பதைவிட ‘சேவல் எங்கே வாங்கினீங்க’ என்று கேட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

கறுப்பாக இருந்தால் கடக்நாத்தா?

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிகளில் பில், பிலாலா பழங்குடியினர் வளர்த்துவந்த கோழி கடக்நாத். உள்ளூரில் ‘காலி மாசி’, அதாவது கறுப்புக் கறி. தோல், கறி, எலும்பு, உள்ளுறுப்பு வரைக்கும் கறுப்பு ஓடியிருக்கும். மெலனின் என்ற நிறமி உடம்பெல்லாம் படிவதுதான் காரணம். ஜாபுவா கடக்நாத் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முட்டை மட்டும் கறுப்பு இல்லை, இளம்பழுப்புதான். ‘கறுப்பு முட்டை’ என்று யாராவது போட்டோ அனுப்பினால் சிரித்துவிட்டு நகரலாம். அந்த நோய் தீரும், இந்த நோய் தீரும் என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடமும் அதேதான்.

வாங்கும்போது வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம். நாக்கு கறுப்பாக இல்லாவிட்டால் கண்டிப்பாக வேண்டாம். ஆனால், கறுப்பாக இருப்பதாலேயே அது அசல் ஆகிவிடாது. உடம்பைக் கறுப்பாக்கும் மரபணு ஓங்கி நிற்கும் வகை. கலப்புக் குஞ்சுக்கும் கறுப்பு வந்துவிடும். தாய், தந்தை இரண்டையும் கண்ணால் பார்ப்பதுதான் வழி. இன்னொரு விஷயம், கடக்நாத் பெட்டைக்கு அடை உட்காரும் குணம் மிகக் குறைவு. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைத்துப் பொரிக்க வைப்பவர்கள் நிறைய. ஆக, கருங்கோழி வளர்க்கவும் சிறுவிடை வேண்டும்!

‘குஞ்சு தருகிறோம், முட்டையை நாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. 2012-ல் ஈரோடு, பெருந்துறை பக்கம் ஈமு கோழியில் மக்கள் பணம் போனது நினைவிருக்கும். 2019-ல் மகாராஷ்டிராவின் சாங்லி பக்கம் அதே கதை கடக்நாத்தில் நடந்து, போலீஸ் வழக்கு வரை போனது. கொல்லையில் பத்துக் கோழி வளர்ப்பதற்கு ஒப்பந்தப் பத்திரம் எதற்கு?

இன்னும் சில

பெருவிடை, அசில் வகைகள் உயரமும் கம்பீரமும் கொண்டவை. திண்டுக்கல் வட்டாரத்தில் கண்காட்சி வைத்துக் கொண்டாடும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்கள் இந்தக் கூட்டம்தான். வளைந்த அலகும் தரையைத் தொடும் வாலும் பார்க்கக் கண்கொள்ளாது. விலையும் அப்படித்தான். இரண்டு சேவலை ஒரே இடத்தில் விட முடியாது. சிறிய கொல்லைக்கு இது தலைவலி. முட்டையும் குறைவு. ‘கோழி மிதித்துக் குஞ்சு சாகாது’ என்ற பழமொழி சிறுவிடையைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். எடை கூடிய பெருவிடைப் பெட்டை சில சமயம் முட்டையையே உடைத்துவிடும்.

கழுத்தறுத்தான் கோழி என்று ஒன்று உண்டு. கழுத்தில் இறகே இருக்காது. முதல்முறை பார்ப்பவர்கள் நோய் என்று நினைத்து விலகிப்போவார்கள். உண்மையில் அது பிறவிக் குணம். உடம்பிலும் இறகு குறைவு என்பதால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். வேலூர், கரூர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கோழி கிடைப்பது கஷ்டம். அழகில்லை என்பதாலேயே ஒதுக்கப்படும் இதை, நியாயமாக முதல் மூன்று இடத்துக்குள் வைக்கலாம்.

கோவை, நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரளத்தின் தலச்சேரிக் கோழி எட்டும் தூரம். கறுப்பு இறகில் நீலம் மின்னும். கொண்டை சிவப்பு, கறியும் சாதாரண நிறம்தான். இதைக் கருங்கோழி என்று விற்பதும் நடக்கிறது. நல்ல முட்டைக்குப் பெயர்போனது, குட்டைக்கால் நிக்கோபாரி. ஆனால், அது அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கோழி. இங்கே வாங்குவதென்றால் முட்டி மோத வேண்டும்.

வாங்கும் நாள்

அய்யலூர் மாதிரியான சந்தைகளில் வியாழக்கிழமை விடியற்காலையில் போனால் எல்லா நிறமும் கிடைக்கும். வேடிக்கை பார்க்கவும், விலை தெரிந்துகொள்ளவும் நல்ல இடம். ஆனால், பத்து ஊர்க் கோழி ஒரே இடத்தில் கூடும்போது பத்து ஊர் நோயும் கூடும். தொடங்குபவர்கள் வளர்ப்பவரின் வீட்டுக்கே போய் வாங்குவது மேல். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் யாரிடம் என்ன கோழி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

குஞ்சாக வாங்கினால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது சிரமம். பாதி சேவலாகத்தான் போகும். ஐந்து பெட்டை வேண்டுமென்றால் பன்னிரண்டு குஞ்சாவது வாங்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து வர வேண்டும். பல்பு, தடுப்பு என்று அந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி, குஞ்சோடு ஒரு தாய்க்கோழியை வாங்கிவிடுவது. விலை கூடும்தான், ஆனால் அந்தத் தாயே இனத்துக்குச் சாட்சி. வெறும் முட்டைதான் வேண்டும் என்றால் சேவலே தேவையில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கூவி அக்கம்பக்கத்தில் சண்டை இழுக்காது.

எந்த இனமாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சலுக்கு முன்னால் ஒன்றுதான். ராணிகெட் நோய் என்பதும் இதைத்தான். ‘நாட்டுக்கோழிக்கு நோயே வராது’ என்று நம்பியவர்களின் கூடு ஒரே வாரத்தில் காலியானது உண்டு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கை அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாம் போட்டு இலவசமாகவே ஊசி போடுகிறது. கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சேவல் விஷயத்தில் ஒன்று மட்டும் பாக்கி. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆனால், அதே சேவல் தன் குஞ்சுகளோடும் சேர்ந்தால் பொரிப்பு குறையும், குஞ்சு நலியும். இரண்டாம் வருடம், அதே இனம் வைத்திருக்கும் இன்னொருவரோடு சேவலை மாற்றிக்கொள்வதே வழக்கம். பணம் கைமாற வேண்டியதில்லை. வந்த சேவலை மட்டும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மந்தையில் விட வேண்டும்.